ஒரே பைத்தான் சோர்ஸ், நாலு மெஷின், நாலு விதமான எரர்: கோத்தகிரியிலிருந்து உதவி கேட்கிறேன்

கட்டபெட்டு_வகுப்பு:

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர் படிப்பகத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறோம். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், ஒன்பதாவது பத்தாவது படிக்கிறவர்கள். பைத்தானில் ஒரு பெயரைத் தப்பாக அடித்துவிட்டால் வருகிற நேம்எரர் வாசகத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது ஒரு பெண், "இதைத் தமிழில் சொல்ல வைக்க முடியாதா மிஸ்?" என்று கேட்டாள். முடியும், சோர்ஸ் (பைத்தானின் மூல நிரல்) திறந்துதான் கிடக்கிறது, நாமே மாற்றி நாமே கம்பைல் பண்ணலாம் (ஓடும் புரோகிராமாகக் கட்டலாம்) என்று சொல்லியிருக்கிறேன். அதைச் செய்து காட்டியே ஆக வேண்டும்.

எடுத்தது பைத்தான் 3.12. எங்களிடம் இருப்பது ஒரு பழைய உபுண்டு லேப்டாப், ஒரு ராஸ்பெரி பை 4 (சின்ன ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர், சுருக்கமாகப் பை), ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப், அப்புறம் வார இறுதியில் வந்து உதவும் தம்பியின் மேக்புக். உபுண்டுவில் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டினால் 'பெர்மிஷன் டினைடு' என்கிறது, முன்னால் 'எஸ்ஹெச்' என்று போட்டு ஓட்டினால் ஓடி பில்டும் முடிகிறது, ஆனால் எஸ்எஸ்எல் (பாதுகாப்பான நெட் இணைப்புக்கு), சிடைப்ஸ் (சி லைப்ரரிகளை அழைக்க) என்ற இரண்டு மாட்யூலும் இல்லை என்கிறது. பையில் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்'. அதை எப்படியோ தாண்டினால் கட்டும் வேலையை நடத்தும் மேக் கட்டளை மறுபடி மறுபடி கான்ஃபிகர் பகுதிக்கே போகிறது, நடுவில் 'க்ளாக் ஸ்க்யூ' (நேரம் முரண்படுகிறது) என்று ஒரு எச்சரிக்கை. மேக்புக்கில் பில்ட் முடிந்ததாகச் சொல்கிறது, பைத்தான் என்ற கோப்பைத்தான் காணவில்லை. விண்டோஸில் கான்ஃபிகர் என்றாலே அப்படி ஒரு கட்டளை இல்லை என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

தொட்டபெட்டா2637:

பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும் மேடம். சோர்ஸ் இந்த நாலு மெஷினுக்கும் எப்படிப் போனது? தனித்தனியாக டவுன்லோட் செய்தீர்களா, ஒரே ஃபோல்டரைப் பென்டிரைவில் கொண்டுபோனீர்களா?

கட்டபெட்டு_வகுப்பு:

ஒரே ஃபோல்டர்தான். எங்கள் ஊரில் மழை நாளில் நெட் இருக்கும் என்று நம்ப முடியாது, அதனால் குன்னூரில் ஒரு நண்பர் வீட்டில் டவுன்லோட் செய்து, அங்கேயே விண்டோஸில் பிரித்து, பென்டிரைவில் எடுத்து வந்தோம். லேப்டாப்பில் மேக் முடிந்த பிறகு அதே ஃபோல்டரை அப்படியே பைக்குக் காப்பி செய்தோம், பாதி வேலையாவது மிச்சம் என்று.

தொட்டபெட்டா2637:

சரி, அப்படியானால் உங்கள் எரர்களில் பாதிக்கு மேல் அந்த ஃபோல்டர் பயணத்திலிருந்து வருகிறது.

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த மெஷினில் என்ன கம்பைலர் இருக்கிறது, லாங் என்ற டைப் எத்தனை பைட், எந்த லைப்ரரியின் ஹெடர் கோப்புகள் (லைப்ரரிக்குள் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்பவை) கிடைக்கின்றன, எந்தச் சிஸ்டம் கால் வேலை செய்கிறது என்று சின்னச் சின்ன சி புரோகிராம்களைக் கம்பைல் செய்து பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. கிடைத்த பதில்களை மேக்ஃபைலிலும் பைகான்ஃபிக் ஹெடரிலும் எழுதி வைக்கிறது. அந்தப் பதில்கள் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான். இன்னொரு மெஷினில் அதை வைத்து மேக் போடுவது, ஒருவர் கண்ணுக்கு எழுதிய கண்ணாடியை அடுத்தவர் மாட்டிக்கொள்வது மாதிரி. பையின் எக்ஸெக் ஃபார்மட் எரரும் இதனால்தான்: பைத்தானைக் கட்டும்போது இடையில் சில சின்ன புரோகிராம்களைக் கட்டி அவற்றை அங்கேயே ஓட்டுவார்கள். உங்கள் ஃபோல்டரில் அவை லேப்டாப்பின் இன்டெல் சிப்புக்குக் கட்டியதாக ஏற்கெனவே இருந்தன. பையில் இருப்பது ஆர்ம் சிப், அதனால் ஓட முடியவில்லை.

அதனால் பிரித்த ஃபோல்டரைத் தூக்கிப்போவதை விட்டுவிடுங்கள். டார் கோப்பை (எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக அடக்கிய, டவுன்லோட் செய்த பொதி) அப்படியே பென்டிரைவில் கொண்டுபோய் அந்தந்த மெஷினில் பிரியுங்கள். பெர்மிஷன் பிரச்சனையும் அதோடு போய்விடும், ஏனென்றால் ஃபேட்32 பென்டிரைவ் 'இது ஓட்டக்கூடிய கோப்பு' என்ற யூனிக்ஸ் குறியைச் சேமிப்பதே இல்லை, டார் கோப்புக்குள் அது பத்திரமாக இருக்கும். பிரித்ததும் பக்கத்தில் பில்ட் என்று ஒரு காலி ஃபோல்டர் போட்டு, அதற்குள் நின்றுகொண்டு சோர்ஸ் ஃபோல்டரிலிருக்கும் கான்ஃபிகரை அழையுங்கள். கட்டியதெல்லாம் பில்ட் ஃபோல்டரில் விழும், சோர்ஸ் சுத்தமாக இருக்கும், சொதப்பினால் பில்டை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். பிள்ளைகள் கையில் கொடுக்கும் இடத்தில் இது பெரிய நிம்மதி. ஆனால் சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே முன்பு ஒருமுறை கட்டியிருந்தால் 'சோர்ஸ் சுத்தமாக இல்லை' என்று நிறுத்திவிடும், அப்போது உள்ளே போய் மேக் டிஸ்ட்க்ளீன் போட வேண்டும்.

எஸ்எஸ்எல் விஷயம் வேறு. உபுண்டுவில் ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கிறதே என்று தோன்றும், இருப்பது ஓடுவதற்கான லைப்ரரி. கட்டுவதற்கு ஹெடர் வேண்டும், அது 'டெவ்' என்று முடியும் தனிப் பொதிகளில் வருகிறது. பில்ட்-எசென்ஷியலோடு லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், இசட்லிப்1ஜி-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், லிப்எஸ்கியூலைட்3-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ் எல்லாவற்றையும் போட்டுவிட்டு கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். போட்டுவிட்டு மேக் மட்டும் கொடுத்தால் பழைய பதில்களை வைத்துத்தான் கட்டும். சிடைப்ஸ் உங்களுக்கு வராததற்கு லிப்எஃப்எஃப்ஐ இல்லாததே காரணம். மேக் முடியும்போது கடைசியில் எந்தெந்த மாட்யூல் விடுபட்டது என்று ஒரு பட்டியல் வரும், பலர் அதைப் பார்க்காமலே டர்மினலை மூடிவிடுகிறார்கள். ஏன் விடுபட்டது என்பது கான்ஃபிக் லாக் கோப்பில் இருக்கும்.

பேரிஜம்:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். பை விஷயத்தில் நான் பட்டது கொஞ்சம் உதவும். பை 4க்குள் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. நெட் வந்தால் நேரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து தொடரும். மலையில் மழைக்காலத்தில் கரண்ட்டும் நெட்டும் சேர்ந்தே போகும், திரும்பக் கரண்ட் வரும்போது பை பின்தங்கிய தேதியில் நின்றுகொண்டிருக்கும். லேப்டாப்பில் இன்று உருவான கோப்புகளை அதில் போட்டால் அவையெல்லாம் எதிர்காலத்திலிருந்து வந்தவை.

மேக் கட்டளை கோப்புகளின் நேரத்தை வைத்துத்தான் எதை மறுபடி கட்டுவது என்று முடிவு செய்கிறது. ஒரு கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருந்தால், அதிலிருந்து இப்போது கட்டிய கோப்பு எப்போதுமே பழையதாகத் தெரியும், அதனால் திரும்பத் திரும்ப அங்கேயே போகும். டேட் கட்டளையில் சூடோ போட்டு நேரத்தைக் கையால் சரிசெய்துவிட்டு, புது பில்ட் ஃபோல்டரில் தொடங்குங்கள். நெட் இல்லாத வகுப்பு என்றால் ஒரு சின்ன ஆர்டிசி மாட்யூல் (பேட்டரியோடு ஓடும் கடிகாரம்) வாங்கிப் பின்களில் செருகிவிடுவது நல்லது. தேதி தப்பாக இருந்தால், பைத்தான் பொதிகளை நெட்டிலிருந்து இறக்கும் பிப் கூட 'சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கும், அதை எஸ்எஸ்எல் பில்ட் பிரச்சனை என்று நினைத்துத் தேடி நேரம் போகும்.

இன்னொன்று, வேகத்துக்காக 'எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ்' என்ற தெரிவைக் கொடுக்கச் சொல்லி நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள். அது முதலில் ஒரு பைத்தானைக் கட்டி, அதில் சோதனைகளை ஓட்டி அளந்து, அதை வைத்து மறுபடி கட்டும். பையில் சாயங்காலம் முழுக்கப் போய்விடும். வகுப்புக்கு அது தேவையே இல்லை.

கட்டபெட்டு_வகுப்பு:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. பையில் தேதி உண்மையிலேயே பின்னால் இருந்தது. டார் கோப்பை அங்கேயே பிரித்து, தேதியைச் சரிசெய்து, தனி ஃபோல்டரில் கட்டியதும் ஒரே ஓட்டத்தில் முடிந்தது. லேப்டாப்பிலும் எஸ்எஸ்எல், சிடைப்ஸ் வந்துவிட்டன. மேக்புக்கும் விண்டோஸும் பாக்கி.

கேத்தி_பள்ளத்தாக்கு:

மேக்புக்கில் உங்கள் பைத்தான் தொலையவில்லை. பில்ட் ஃபோல்டரில் பைத்தான்.எக்ஸ்இ என்று ஒரு கோப்பு இருக்கும், அதுதான். மேக்ஓஎஸ்ஸின் வழக்கமான டிஸ்க் அமைப்பு பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. பெரிய எழுத்தில் தொடங்கும் பைத்தான் என்ற ஃபோல்டர் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, அதே பெயரில் ஒரு கோப்பை வைக்க முடியாது என்பதால் எக்ஸ்இ சேர்த்துக் கட்டுகிறார்கள். விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இன்ஸ்டால் செய்தால் சரியான பெயரில்தான் போகும்.

எஸ்எஸ்எல்லும் அங்கே வந்திருக்காது, பாருங்கள். ஆப்பிள் ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர்களைக் கொடுப்பதில்லை. ஹோம்ப்ரூ என்ற பொதி நிறுவும் கருவி மூலம் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 போட்டுவிட்டு, கான்ஃபிகருக்கு 'வித் ஓப்பன்எஸ்எஸ்எல்' தெரிவில் அதன் இடத்தைச் சொல்ல வேண்டும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக்கில் ஹோம்ப்ரூ ஒரு இடத்தில் இருக்கும், பழைய இன்டெல்லில் வேறு இடம், அதனால் பாதையை மனப்பாடமாக அடிக்காமல் ப்ரூ ப்ரிஃபிக்ஸ் கட்டளையையே கேட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

தொட்டபெட்டா2637:

விண்டோஸில் கான்ஃபிகர் வழியே கிடையாது. சோர்ஸில் பிசிபில்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பில்ட்.பேட். விஷுவல் ஸ்டூடியோவில் பைத்தான் பகுதியையும் அதன் நேட்டிவ் டெவலப்மென்ட் டூல்ஸையும் தேர்ந்தெடுத்து நிறுவிவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்டில் அந்த பேட் கோப்பை ஓட்டினால் போதும். முதல் தடவை அது ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், டிகே எல்லாவற்றையும் நெட்டிலிருந்து இழுக்கும். உங்கள் ஊர் நெட்டில் அது நடுவில் நின்றுவிடும். அதே சோர்ஸை குன்னூரில் ஒருமுறை கட்டுங்கள், எக்ஸ்டெர்னல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாகும், அதை எடுத்துவந்து இங்கே அதே இடத்தில் வைத்தால் ஏற்கெனவே இருக்கிறது என்று தாண்டிப் போய்விடும். கட்டியது பிசிபில்டுக்குள் ஏஎம்டி64 ஃபோல்டரில் இருக்கும்.

சமவெளி_வாசி:

பிள்ளைகளுக்கு இன்டர்ப்ரெட்டர் கட்டிக் காட்டத்தான் வேண்டும் என்றால் லுவா எடுத்திருக்கலாமே? கான்ஃபிகர் எதுவும் இல்லை, மேக் லினக்ஸ், மேக் மேக்ஓஎஸ்எக்ஸ் என்று சொன்னாலே சட்டென்று முடிந்துவிடும்.

பேரிஜம்:

லுவா அழகான மொழி, பிரேசிலில் 1993இல் பிறந்தது, அதன் சோர்ஸ் வாசிக்கவும் இதமானது. ஆனால் லுவாவில் இல்லாத பெயரை எழுதினால் எரர் வராது, நில் என்று எடுத்துக்கொண்டு போய்விடும். இவர்கள் மாற்ற நினைக்கும் வாசகமே அங்கே கிடையாது. பைத்தானே சரி.

கட்டபெட்டு_வகுப்பு:

நாலு மெஷினிலும் பைத்தான் கட்டியாயிற்று! அடுத்து, வாசகம் இருக்கும் இடத்தைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்தார்கள். நேம் எரர் எம்எஸ்ஜி என்று ஒரு டிஃபைன் வரி. அதில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு 'என்ற பெயர் எனக்குத் தெரியாது' என்று எழுதி, யூடிஎஃப்-8 (தமிழையும் சேமிக்கும் எழுத்துக் குறியீடு) ஆகச் சேமித்து மேக் போட்டோம், அந்தக் கோப்பைச் சார்ந்தவற்றை மட்டும் கட்டி முடித்தது. ஆனால் தப்பான பெயர் அடித்தால் தமிழ் வாசகம் வரவே இல்லை. வேறு எங்கும் எரர் இல்லை. என்ன விடுபட்டது?

பேரிஜம்:

எதுவும் விடுபடவில்லை. அந்த வரி பைஎரர்_ஃபார்மட் என்ற ஃபங்ஷனுக்கு ஃபார்மட் வாசகமாக, அதாவது மதிப்பை நிரப்ப இடம் விட்ட வாசகமாக, போகிறது. 3.12இல் ஃபார்மட் வாசகம் ஆஸ்கி எழுத்தாக (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டுமே இருக்க வேண்டும், 127க்கு மேல் ஒரு பைட் வந்தாலும் ஏற்காது. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகள் எல்லாமே இ0 என்ற பைட்டில்தான் தொடங்கும், அதனால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனால் சதவீதக் குறியும் எஸ்ஸும் போட்ட இடத்தில் உள்ளே போகிற மதிப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்கலாம். ஆகவே ஃபார்மட்டை வெறும் இரண்டு எஸ் குறிகளாக வைத்து, பெயரை முதல் மதிப்பாகவும் தமிழ் வாசகத்தை இரண்டாவது மதிப்பாகவும் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த வாசகத்தை அனுப்பும் அதே ஃபங்ஷன்தான் அன்பவுண்ட்லோக்கல் எரருக்கும் (ஒரு ஃபங்ஷனுக்குள் மதிப்பு கொடுக்கும் முன்பே அதன் உள்ளூர் பெயரைப் பயன்படுத்தினால் வருவது) பயன்படுகிறது. ஃபார்மட்டை அங்கே மாற்றினால் அதன் வாசகத்துக்குள் இருக்கும் எஸ் குறி அப்படியே திரையில் வந்துவிடும். அதையும் தமிழாக்கிவிட்டால் முடிந்தது, பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் கிடைக்கும்.

கட்டபெட்டு_வகுப்பு:

வந்துவிட்டது! பையில் ஒரு பையன் 'தேயிலை' என்று அடித்து என்டர் தட்டினான், 'தேயிலை என்ற பெயர் எனக்குத் தெரியாது' என்று வந்ததும் படிப்பகமே சத்தம் போட்டது. கேட்ட பெண்ணே அன்பவுண்ட்லோக்கல் வாசகத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். கடைசியாக ஒன்று: லேப்டாப்பில் இதை மேக் இன்ஸ்டால் செய்துவிடலாமா?

தொட்டபெட்டா2637:

வேண்டாம். மேக் இன்ஸ்டால் யூஎஸ்ஆர் லோக்கலில் பைத்தான்3 என்ற பெயரிலேயே வைக்கும், டர்மினலில் உபுண்டுவின் பைத்தானுக்கு முன்னால் அது வந்து நிற்கும், வேறு ஏதாவது கருவி இடறும். மேக் ஆல்ட்இன்ஸ்டால் போடுங்கள், பைத்தான்3.12 என்ற முழுப் பெயரில் மட்டும் போகும். உபுண்டு 24.04 என்றால் அதன் சொந்தப் பைத்தானும் 3.12தான், பெயர் மறுபடி மோதும். அப்போது கான்ஃபிகரிலேயே ப்ரிஃபிக்ஸ் கொடுத்து வீட்டு ஃபோல்டருக்குள் தனி இடத்தில் வைத்துவிடுங்கள்.