தக்காளி மொசரெல்லா சாண்ட்விச்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சலேர்னோவிலிருந்து:

மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போனால் ரொட்டி சொதசொதவென்று ஊறிவிடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் இருப்பது தென் இத்தாலியில், எருமைப்பால் மொசரெல்லா சீஸின் சொந்த மண்ணான கம்பானியாவில். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே பத்திபாலியா தாண்டி, பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் பேஸ்தும் வரை வழியெங்கும் எருமைப் பண்ணைகள். பக்கத்திலேயே சீஸ் பட்டறைகள். பால் திரிந்த கட்டியைக் கொதிநீரில் இளக்கி, இழுத்து இழுத்து, உருண்டையாகக் கிள்ளிப் போடுவார்கள். வாங்கும்போது அது மிதக்கும் உப்புநீரோடு சேர்த்தே பையில் கட்டித் தருவார்கள். கல்லாவில் இருக்கும் அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: "ஃபிரிட்ஜில் வைக்காதே, இன்றைக்கே சாப்பிடு." வைத்தே ஆக வேண்டும் என்றால், சாப்பிடும் முன் பையோடு வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் போட்டு வைக்க வேண்டும். சில்லென்று கடித்தால் பால் மணமே வராது.

கையால் பிய்த்துப் பாருங்கள். இழை இழையாகப் பிரியும், நடுவிலிருந்து வெள்ளையாகப் பால் கசியும். ரொட்டியை ஊற வைப்பது அந்தப் பால்தான். 'மொசரெல்லா தி புஃபலா கம்பானா' என்ற பெயருக்கு 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. பெருமை பெரிதுதான், ஆனால் சாண்ட்விச்சுக்கு என் ஓட்டு பசும்பாலில் செய்த 'ஃபியோர் தி லாத்தே'வுக்கு. ஈரம் கொஞ்சம் குறைவு, விலையும் குறைவு. எருமைப்பால் உருண்டைதான் வேண்டும் என்றால் வெட்டிச் சல்லடையில் அரைமணி நேரம் வடிய விடுங்கள்.

தக்காளியில் சான் மர்சானோ வேண்டாம், அது குழம்பாகக் காய்ச்சத்தான் லாயக்கு. இங்கே 'கூவோரே தி பூவே' என்று மடிப்பு மடிப்பாக ஒரு பெரிய தக்காளி உண்டு. சதை அதிகம், விதை கம்மி. அதையும் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிரில் தக்காளியின் மணம் செத்துவிடும். வில்லைகளில் உப்பு தூவிப் பத்து நிமிடம் விட்டால் தண்ணீர் இறங்கும், அதைச் சாய்த்துவிடலாம். ரொட்டியின் இரண்டு உட்பக்கமும் ஆலிவ் எண்ணெய் தடவிவிட்டு, அப்புறம்தான் அடுக்க வேண்டும். எண்ணெய் தடவிய ரொட்டி சாற்றைச் சட்டென்று குடிக்காது.

சியாபாட்டா வாங்கட்டுமா என்று கேட்பார்கள். ஏதோ ரோமானியர் காலத்து ரொட்டி என்று நினைப்பு. 1982-இல்தான் வடக்கே அத்ரியாவில் ஒரு பேக்கரிக்காரர் உருவாக்கினார். ருசி நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருப்பதால் சாறு சட்டைக்கு வந்துவிடும்.

பலெர்மோவிலிருந்து:

நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர், இருக்கிறது சிசிலியில். இங்கே பாண், அதுதான் ரொட்டி, மேலே எள்ளுப் போட்டுத்தான் வரும். தக்காளிப்பழம், சீஸ், நெத்தலி, ஒரிகானோ, எண்ணெய் எல்லாம் வைத்து 'பானே குன்சாத்தோ' என்று விற்பார்கள். மொசரெல்லாவை விட அதுக்குள்ளே வைக்கிற உப்புச் சீஸ்தான் எங்கட நாக்குக்குச் சரி. ஞாயிறு காலையில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதையின்ர கோயிலுக்கு எங்கட ஆட்கள் நிறையப் பேர் போவினம், சைவ சமயத்துக்காரரும்தான். அண்டைக்கு அம்மா மொசரெல்லாவும் தக்காளியும் வைச்சுப் பாண் கட்டித் தருவா. ஆனால் பழத்தைத் தனி டப்பாவில் கொண்டுபோய், மேலே போய்த்தான் உள்ளே வைக்கிறது. ஊறுற பிரச்சினைக்கு இதைவிட லேசான வழி இல்லை. அம்மா ஒரு பச்சை மிளகாயையும் அரிஞ்சு வைப்பா. இத்தாலிக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

புதுச்சேரியிலிருந்து:

இங்கே எங்களுக்கு ஆரோவில்லில் செய்யும் மொசரெல்லா கிடைக்கிறது, கவலை இல்லை. வேறு ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பீட்சாவுக்கென்று விற்கும் கட்டி மொசரெல்லாவை இதற்கு வாங்காதீர்கள். ஈரம் குறைத்துச் செய்த சரக்கு அது, உருக்கினால்தான் ருசி. பச்சையாகக் கடித்தால் ரப்பர்.

இந்த சாண்ட்விச்சில் வாசனைக்கு வைக்கும் பேசில் இலை கிடைக்காத நாளில் துளசி போட்டேன், காரமாகக் கஷாய வாசனை அடித்தது. அப்புறம் வீட்டுத் தொட்டியில் இருந்த திருநீற்றுப்பச்சிலையில் இரண்டு இலை கிள்ளிப் போட்டேன். சப்ஜா விதை வருமே, அந்தச் செடி. இத்தாலிக்காரர்களின் பேசிலும் அதே இனம்தான். வாசனை சற்றுத் தூக்கல், இரண்டு இலைக்கு மேல் தாங்காது.

என் சந்தேகம் தக்காளியில். பெங்களூர்த் தக்காளி கெட்டியாக நிற்கிறது, ருசி சுமார். நாட்டுத் தக்காளி புளிப்பும் மணமுமாக அருமை, ஆனால் வெட்டினாலே ஓடுகிறது. விதைக் கூழை எடுத்து வீசிவிடலாமா?

சலேர்னோவிலிருந்து:

வீசாதீர்கள்! சதையை விடக் கூழில்தான் ருசி அதிகம், ருசியைத் தூக்கிக் கொடுக்கும் குளுட்டமேட் என்ற பொருள் அங்கேதான் கூடுதலாக இருக்கிறது. கரண்டியால் வழித்து, வடிகட்டியில் தேய்த்து விதையை நீக்குங்கள். வரும் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு ஸ்பூன் ஆலிவ் எண்ணெயும் விட்டு நன்றாக அடித்தால் கெட்டிப்படும். ரொட்டியை ஒரு பக்கம் மட்டும் தோசைக்கல்லில் வாட்டி, வாட்டிய பக்கத்தில் அதைத் தடவி, உடனே சாப்பிடுவதென்றால் மட்டும் செய்யுங்கள். ஆபீசுக்குக் கட்டுவதென்றால் பலெர்மோ அம்மா சொன்ன டப்பா வழிதான்.