மறு: ஷீட் மியூசிக்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக மடல்களை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இனி அப்படி இருக்க முடியாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்.

கொழும்பில் நாங்கள் போகும் தேவாலயத்தின் பாடகர் குழு அலுமாரி என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று தட்டு நிறைய ஷீட் மியூசிக், அதாவது பாடவும் வாசிக்கவும் இசையை எழுதிவைத்த தாள்கள். பழுப்பேறிய அச்சுப் பிரதிகள், போட்டோக்கொப்பிகள், யாரோ பொறுமைசாலி மையால் கோடு போட்டு எழுதிய கொப்பிகள். ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் "இங்கே மூச்சு எடுக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் "எடுக்காமல் ஏலாது". இவற்றுக்கெல்லாம் தமிழில் ஒரு பதிவேடு எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியின் தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

> இசைக்குறிப்பு என்று ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறதே. புதிதாக எதற்கு?

ஐயா, இருப்பதுதான் தொல்லை. போன நத்தாருக்கு முன் எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு, "ஞாயிறுக்கு ஹாண்டெல் இசைக்குறிப்பு இருபது பிரதி எடுத்துக்கொண்டு வாரும்" என்று செய்தி அனுப்பினேன். சொன்னபடி கொண்டுவந்தார். ஹாண்டெல் என்ற இசையமைப்பாளரின் வாழ்க்கை வரலாறு, இரண்டு பக்கம், படத்தோடு. அவரில் பிழையில்லை. இசையைப் பற்றிய குறிப்பும் இசைக்குறிப்புத்தான். ஒற்றைச் சுரத்துக்கும் சிலர் அதையே எழுதுகிறார்கள். போதாததற்கு எங்கள் வீடுகளில் குறிப்பு என்றால் சாதகம். "குறிப்புப் பொருந்தினதோ?" என்று யாராவது கேட்டால் அது கலியாணப் பேச்சு.

> இசைத்தாள். எளிது, அழகு.

அழகுதான். ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் இசைத்தாள் என்று சொல்லிப் பாருங்கள். எந்த ஆண்டுத் தாள், பகுதி ஒன்றா இரண்டா என்று கேட்கும். அப்புறம், எங்கள் குழுவில் பாதிப்பேர் இப்போது டேப்லெட்டைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். அதில் தாள் எங்கே?

குழுவில் வந்த மற்ற முன்மொழிவுகள் பற்றிச் சுருக்கமாக. சங்கீத ஏடு என்றால் தேவாலயத்தில் தாவீதின் சங்கீதங்கள்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் சொல்வது போல ஸ்கோர் என்றே விட்டுவிடலாம் என்றால், இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கிரிக்கெட்டிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது. இசைப்படி என்பதை நான்தான் முன்மொழிந்தேன், நானே வாபஸ் வாங்குகிறேன். சட்டப்படி, முறைப்படி என்பது போல 'இசையின்படி' என்று காதில் விழுகிறது.

சுரலிபிக்குத்தான் ஆதரவு கூட. அதில் எனக்குள்ள தடை வேறு. லிபி என்பது எழுதும் முறை. எனக்குப் பெயர் வேண்டியது எழுதி முடித்த பொருளுக்கு. 1893 இல் சென்னையில் சின்னசாமி முதலியார் கர்நாடக இசையை மேலைநாட்டு ஐந்து கோட்டில் எழுதி வெளியிட்டார். 1904 இல் எட்டயபுரத்திலிருந்து வந்த சுப்பராம தீட்சிதரின் பெருநூலில் சுர எழுத்துகளும் கமகங்களுக்கென, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் நுணுக்கங்களுக்கென, தனி அடையாளங்களும் இருந்தன. தேவாலயக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜோன் கர்வன் பரப்பிய சோல்ஃபா, அந்த ஐந்து கோடு இல்லாமல் எழுத்தும் புள்ளியும் கொண்டு எழுதுவது. முறை மூன்று. அலுமாரியில் அடுக்கிவைத்தால் மூன்றும் ஒரே இனம். அந்த இனத்துக்குத்தான் பெயர் இல்லை.

என் முன்மொழிவு: இசைச்சுவடி.

சுவடி என்றால் ஓலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அரிச்சுவடியைக் கடதாசியில்தான் படித்தோம். பிடிஎஃப் ஆனாலும் சுவடி சுவடிதான். அதோடு இந்தச் சொல் குட்டி போடும். இசைக்குழுவை நடத்துகிறவர் முன்னால் எல்லாக் குரலும் எல்லாக் கருவியும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்து கிடக்குமே, அது முழுச்சுவடி. இரண்டாம் வயலின்காரர் தன் வரியை மட்டும் வைத்து வாசிப்பது தனிச்சுவடி. பிரதி என்பதை எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோவுக்குப் பதிவேட்டில் எழுதிப் பார்த்தேன்: 'தனிச்சுவடி, ஆல்ட்டோ, 12 பிரதி, கையிலுள்ளவை 9'. வாசித்தவுடன் விளங்குகிறது. அந்த மூன்றும் யார் வீட்டில் என்பது வேறு கதை.

அடுக்குவதிலும் ஒரு சிக்கல். ஞானப்பாட்டுகளில் மெட்டுக்கு ஒரு பெயர், பாட்டுக்கு ஒரு முதலடி. 8.6.8.6 என்ற அளவுள்ள (நான்கு வரிகளில் முறையே எட்டு, ஆறு, எட்டு, ஆறு ஒலித்துண்டு) ஒரு மெட்டில் அதே அளவுள்ள எந்தப் பாட்டையும் பாடலாம். முதலடியை வைத்து அடுக்கினால் ஒரே சுவடிக்கு மூன்று இடம் வரும். ஆகவே சுவடியை மெட்டின் பெயரில் அடுக்கிவிட்டு, முதலடிகளுக்குத் தனிப் பட்டியல் போடுகிறேன்.

பதிப்புக்கும் ஒரு பத்தி வேண்டும். 2006 இல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்திலிருந்து நிறையத் தரவிறக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. ஹாண்டெல் இறந்தது 1759 இல், அவரில் பயமில்லை. ஆனால் அண்மையில் ஒருவர் புதிதாகச் சேர்த்தமைத்த பதிப்பு என்றால் அவருடைய உரிமையையும் பார்க்க வேண்டும்.

> பாட்டு வரியைச் சுரத்துக்குக் கீழே துண்டு துண்டாகப் பிரிப்பதை 'அசை பிரித்தல்' எனலாம்.

இது வேண்டாம் ஐயா. மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் ஒரு பாட்டைத் தட்டச்சுச் செய்து பாருங்கள். 'நெஞ்சமே' என்பதைப் பாடும்போது நெஞ்-ச-மே என்று மூன்று சுரத்தில் உட்கார வைப்போம். யாப்பில் அது நெஞ்-சமே, நேர் நிரை, இரண்டே அசை. அசை என்று சொல்லிக் கொடுத்தால் தமிழ் ஒழுங்காகப் படித்த பிள்ளைதான் முதலில் பிழை விடும். 'சுரத்துண்டு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். சொல் எனக்கே பிடிக்கவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து

*

தம்பிக்கு,

முழுச்சுவடி, தனிச்சுவடி இரண்டும் நல்லாயிருக்கு. நான் சங்கீதம் படிப்பிக்கிறவள். நேற்று வகுப்பில் சுவடி என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பிள்ளை உடனே "நூதனசாலையில் இருக்கும்" என்றது. அந்தப் பழைய வாசனை போகாது போலிருக்கே. இன்னொன்று: பாட்டு வரி மட்டும் உள்ள புத்தகத்தையும் ஆட்கள் இசைச்சுவடி என்று சொல்லத் தொடங்குவார்கள். சுரச்சுவடி என்றால் அந்த மயக்கம் இல்லைத்தானே?

வெள்ளவத்தையிலிருந்து

*

அக்கா,

நூதனசாலை வாசனை இருக்கட்டும். எங்கள் அலுமாரியைத் திறந்தால் அதே வாசனைதான்.

சுரச்சுவடி எனக்கும் முதலில் பிடித்தது. வீட்டில் மிருதங்கம் வாசிக்கிற தம்பியிடம் சொன்னேன். "அப்ப தாளச் சொற்கட்டு எழுதின கொப்பிக்கு என்ன பெயர்? எங்களுக்கு ஏது சுரம்?" என்று கேட்டான். டிரம்ஸ்காரரின் தனிச்சுவடிக்கும் அதே கேள்விதான். ஆகவே இனப்பெயர் இசைச்சுவடியாகவே இருக்கட்டும். வரி மட்டும் உள்ளதை இப்போது சொல்வது போலப் பாட்டுப்புத்தகம் என்றே சொல்லலாம், அதை யாரும் கைவிடப் போவதில்லை. உங்கள் வகுப்பில் சுரதாளத்தோடு எழுதுவதைச் சுரச்சுவடி என்று உள்வகையாக வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

லேபல் அடிக்க வெள்ளிக்கிழமை பின்னேரம் கொடுக்கிறேன். அதற்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் எழுதுங்கள், இசைத்தாள்காரர்களும்தான். சுரத்துண்டுக்கு மாற்றுச் சொல் யாராவது தந்தால் பெரிய உபகாரம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து