புற்றும் இருதயமும்: துண்டுப்பிரசுரத்துக்கு ஒரு பெயர்

மட்டக்களப்பு (தாதி):
அனைவருக்கும் வணக்கம். புற்றுநோய்க் கிளினிக்குக்கு வருபவர்களுக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். புற்றுநோய் மருந்தாலும் கதிர்ச் சிகிச்சையாலும் இருதயத்துக்கும் குருதிக்குழாய்களுக்கும் வரும் கேடுகளைக் கவனிக்கும் துறைக்கு என்ன பெயர் போடலாம்? இப்போதைக்கு 'இருதயப் புற்றியல்' என்று வைத்திருக்கிறேன்.

கல்முனை:
வேண்டாம் தங்கச்சி. இருதயத்திலும் புற்று வந்துவிட்டதாக்கும் என்று வாசிக்கிற சனம் பயந்துவிடும். திருப்பிப் போடுங்கள்: 'புற்றுசார் இருதயவியல்'.

காரைதீவு (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
'சார்' எதற்கு? புற்று வன்றொடர்க் குற்றியலுகரம். பின்னால் உயிரெழுத்து வந்தால் கடைசி உகரம் ஓடிவிடும். 'புற்றிதயவியல்' என்றால் முடிந்தது. இதயம், இருதயம் இரண்டும் வடமொழி என்பதால் எனக்கு அதிலும் திருப்தியில்லை. நெஞ்சாங்குலை என்று நல்ல தமிழ் இருக்கிறதே! புற்றையும் பாருங்கள், இந்த நோய்க்குப் பெயர் வைக்கக் கிரேக்கர் நண்டைக் கண்ட இடத்தில் நாம் கறையான் புற்றைக் கண்டோம். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்களூர் விபுலானந்த அடிகள். அந்த ஊரிலிருந்து கொண்டு 'சார்' போட்டு ஒட்டுவதா?

அக்கரைப்பற்று (மருத்துவர்):
சேர், 'நெஞ்சாங்குலையியல்' என்று துண்டு எழுதி அனுப்பினால் எக்கோ (இருதய ஸ்கான்) எடுக்கிற தம்பி என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். எனக்குள்ள கவலை வேறு. டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றியவருக்கு, மொத்த அளவு கூடக் கூட, பல வருடம் கழித்தும் இருதயம் பலவீனப்படலாம். இடது மார்பில் கதிர் பட்டவருக்கு முடியுரு நாடி (இருதயத்துக்கே குருதி கொடுக்கும் குழாய்) அடைப்பும் அப்படித்தான், ஆறுதலாக வரும். டிராஸ்டுசுமாப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து போகிறவருக்கு 3 மாதத்துக்கு ஒருக்கா எக்கோ பார்க்கிறோம், அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார். குணமாகி வயலுக்குப் போய்விட்டவர்தான் தவறிப்போகிறார். தலைப்பில் 'புற்று' என்று கண்டால், 'எனக்குத்தான் மாறிவிட்டதே' என்று தாளை மடித்து வைத்துவிடுவார். 'புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்திய இருதயப் பராமரிப்பு' என்று போடுங்கள்.

காரைதீவு:
அது வசனம், கலைச்சொல் அல்ல. சிகிச்சை நடக்கும்போதே இருதயத்தைப் பார்க்க வேண்டியவர் 'பிந்திய'வுக்குள் எப்படி அடங்குவார்?

கல்முனை:
அதுவும் சரிதான். துறைக்கு 'புற்றுசார் இருதயவியல்', அதன் கீழே 'சிகிச்சை முடிந்தவர்களும் வாசிக்கவும்'.

மட்டக்களப்பு:
சரி, அப்படியே அனுப்பிவிட்டேன். மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் உடனே வரச் சொல்லி ஒரு வரியும் சேர்த்தேன்.

காரைதீவு:
'புற்றுசார்' என்றால் புற்றின் பக்கம் சாய்ந்த இருதயவியல் என்றும் பொருள்படும். அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.