புதுப்பிப்பு: வில்லை இழுத்ததும் ஓடிய காட்டு வான்கோழி கடைசியில் கிடைத்தது

டெக்சஸில் முதன்முறையாக வில்லோடு வான்கோழி வேட்டைக்குப் போனேன், நாணை இழுக்கும்போதே வான்கோழிச் சேவல் பார்த்துவிட்டு ஓடுகிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, நான் ஒளிந்திருக்கும் கூடாரத்தின் பின்பக்க ஜன்னலை மூடிவிட்டுக் கறுப்புச் சட்டை போடச் சொன்ன யோசனைதான். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் என் உருவம் அப்படியே தெரிந்திருக்கிறது. சேவலைச் சண்டைக்கு இழுக்கும் இளஞ்சேவல் பொம்மையை 7 கஜத்தில், கூடாரத்தைப் பார்த்தபடி வைத்தேன்.

நான் எதிர்பார்க்காதது, சேவல் ஒரு சத்தமும் போடாமல் வந்து நின்றது. பொம்மையோடு முகத்துக்கு முகம் மல்லுக்கு நின்று, எனக்கு முதுகைக் காட்டி வாலை விரித்தது. அதன் தலை மறைந்த நொடியில் நாணை இழுத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பும்வரை கை நடுங்கப் பிடித்திருந்தேன். இறக்கை மூட்டில் அம்பு. சேவல் 15 அடிகூடப் போகவில்லை.

அப்புறம், தொடைக்கறி ரப்பர் மாதிரி, குக்கரில் 8 விசில் வைத்தேன்.