ராக்கு வெள்ளை கிளேஸில் சாம்பல் நிறம்: திரும்பச் சுட்டால் போகுமா?

காசிமேட்டுக் களிமண்:
கேஸ் சூளையில் ராக்கு முறையில் மண்பாண்டம் சுடுகிறேன். வெள்ளை கிளேஸ் (கண்ணாடி போன்ற மேல்பூச்சு), சுமார் 980 டிகிரி. தகதகவென்று இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து, மரத்தூள் போட்ட டிரம்மில் வைத்து மூடிவிடுவேன். இந்த முறை கிண்ணத்தில் கிளேஸ் வெடிப்புகளில் கருப்புக் கோடுகள் அருமையாக விழுந்திருக்கின்றன. ஆனால் மரத்தூளில் சாய்ந்த பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். கோடுகள் கெடாமல் அதை மட்டும் எடுக்க வழி உண்டா?

கொளத்தூர் சக்கரம்:
ஈரத் துணியில் பாத்திரம் தேய்க்கும் பவுடரைத் தொட்டு அழுத்தித் தேயுங்கள். மேலே படிந்த கரியாக இருந்தால் போய்விடும்.

காசிமேட்டுக் களிமண்:
தேய்த்தேன், அசையவில்லை. தடவினால் வழவழவென்று இருக்கிறது. நிறம் அதற்கு அடியில்.

கொசப்பேட்டை சூளை:
அப்படியானால் கரி கிளேஸுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, தம்பி. கிளேஸ் இளகியிருக்கும்போதே டிரம்முக்குள் போயிருக்கிறது.

சாம்பலை மட்டும் எடுக்க முடியாது. கோட்டின் கருப்பும் அதே கரிதான். காற்று நன்றாகப் போகும் சூளையில் திரும்பச் சுட்டால் கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். கோடு, கிளேஸ் பூசாத கருத்த அடிப்பாகம் எல்லாமே வெளுக்கும். கிளேஸ் மறுபடி உருகும்போது பழைய வெடிப்புகளும் மூடிக்கொள்ளும். அவ்வளவு அழகாக விழுந்த கோடுகளை விட மனசு வராதுதான்.

சுடுவதானால் அவசரம் கூடாது. ஆரம்பத்தில் மெதுவாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கிண்ணமே விரிசல் விடும். 700 டிகிரி பக்கம், மங்கலான சிவப்பில், கேஸைக் குறைத்துக் காற்றைக் கூட்டி நிறுத்தி வையுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கரி, கிளேஸ் உருகி மேற்பரப்பை அடைப்பதற்கு முன்பே எரிந்துவிட வேண்டும். சுவர் தடிமனாக இருந்தால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். இந்த இடத்தில் விரட்டினால் மிச்சக் கரி உள்ளேயே சிக்கும், சில நேரம் கொப்புளமும் வரும். அப்புறம் 980க்குப் போங்கள். தடித்த கிளேஸில் லேசான மங்கல் மிஞ்சலாம்.

வெளியே எடுத்ததும் காது கொடுத்துக் கேளுங்கள். டிக் டிக்கென்று கிளேஸ் வெடிக்கத் தொடங்கிய பிறகே டிரம். உங்கள் பக்கம் கடல்காற்று அடித்தால் சீக்கிரமே வெடிக்கும், வெடிப்பும் நெருக்கமாக விழும்.

காசிமேட்டுக் களிமண்:
ரொம்ப நன்றி அக்கா. செம்பு கிளேஸ் பூசிய ஜாடி ஒன்றும் இருக்கிறது. கூடவே வைக்கட்டுமா?

கொசப்பேட்டை சூளை:
ஐயோ, வேண்டாம்! டிரம்மில் ஆக்சிஜன் கிடைக்காததால்தான் அதில் அந்தச் செம்புப் பளபளப்பு. காற்றுள்ள சூளையில் ஏற்றினால் பச்சையாகிவிடும். ஜாடி நன்றாக வந்திருந்தால் தொடாதீர்கள்.