டொரண்டோ: லோப்லாஸ் கடைக்குள்ள அந்த சிவப்பு வட்டம் எதுக்கு?

கோயம்புத்தூர்காரன்:
கார்ல்டன், சர்ச் தெரு முக்குல இருக்கற லோப்லாஸ்ல சாமான் வாங்க போனேன், தரையில ஒரு சிவப்பு வட்டம் இருக்கு, ரூம்மேட்ட கேட்டா இது பழைய ஹாக்கி அரங்கம்டா, அதான் சென்டர் ஐஸ், ஐஸ் தரையோட நடுப்புள்ளிங்கறான். வெளிய பாத்தா பழைய கட்டடம், உள்ள பூரா புதுசு. எப்ப மாத்துனாங்க, இப்ப ஐஸே கிடையாதா?

ஸ்காபரோ_அண்ணை:
ஓம் தம்பி, அது மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். மேப்பிள் லீஃப்ஸ் ஹாக்கி டீமை நடத்தின கொன் ஸ்மைத் எண்டவர் 1931இல, ஊரே காசில்லாமல் திண்டாடின நேரம், ஜூனில கட்டத் தொடங்கி நவம்பர் 12 முதல் மட்ச் வச்சவர். காசு காணாதெண்டு வேலை செய்தவைக்குச் சம்பளத்தில ஒரு பங்கை ஷேராக் குடுத்தவை. இவ்வளவு பாடுபட்டும் லீஃப்ஸுக்கு முதல் மட்ச் சிக்காகோ டீமிட்ட 2-1 தோல்வி, 1999 பெப்ரவரியில கடைசி மட்ச்சும் அதே சிக்காகோவிட்ட 6-2! இடையில 11 ஸ்டான்லி கப் (ஹாக்கி லீக் சாம்பியன் கோப்பை), கடைசிக் கப் 1967, இண்டைக்கும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம்.

ஹரோல்ட் பலார்ட் முதலாளியா இருக்கேக்க மகாராணியின்ர பெரிய படத்தையே கழட்டிப்போட்டு அந்த இடத்தில சீற் போட்டவர், அப்பிடி ஒரு மனுசன்.

செங்கல்_சிமெண்ட்:
டீம் ஏர் கனடா சென்டர்ங்கற புது அரங்கத்துக்கு போன கொஞ்ச காலத்துல இது சும்மா கெடந்துச்சு. 2004ல லோப்லாஸ் வாங்குச்சு, 2007ல தேசிய வரலாற்றுச் சின்னம்னு பட்டம் வேற குடுத்தாங்க, ஆனா வேல ஒண்ணும் நடக்கல, 2009 கடைசில ரயர்சன் யுனிவர்சிட்டி கூட்டு சேந்த பிறகுதான் நகந்துச்சு (இப்ப அதுக்கு பேரு டொரண்டோ மெட்ரோபாலிட்டன்). உள்ள இருந்த கேலரி எல்லாத்தயும் ஒடச்சு எடுத்துட்டு, வெளிச்சுவரயும் கூரையயும் மட்டும் விட்டுட்டு, நடுவுல புதுசா மாடி மாடியா கட்டிட்டாங்க. 2011 நவம்பர்ல கடை, 2012ல மேல ஐஸ் ரிங்க். இதுக்கு பேரு ரெனவேஷனாம், எனக்கென்னமோ தோல உரிச்சு வச்சு உள்ள வைக்கோல் அடச்ச மாதிரிதான் இருக்கு.

ஸ்காபரோ_அண்ணை:
விட்டிருந்தா கொண்டோ கட்டியிருப்பாங்கள் ஐயா. இங்க பழைய கட்டடத்துக்கு வேற என்ன கதி? பலார்ட் செய்ததோட பாத்தா இது எவ்வளவோ திறம், மேல பெடியள் இப்பவும் ஐஸில விளையாடுதுகள்.

செங்கல்_சிமெண்ட்:
அது சரிதான், கூரை தப்பிச்சதுல எனக்கும் சந்தோசம்தான். ஆனா அந்த சீட்டுங்கள்ல கொஞ்சமாவது அப்படியே விட்டிருக்கலாம்.

கோயம்புத்தூர்காரன்:
அப்ப மேல ரிங்க் இருக்கா! யார் வேணா போலாமா?

ஸ்காபரோ_அண்ணை:
யுனிவர்சிட்டி மட்ச் இருக்கிற நாள் டிக்கெட் எடுத்துப் போங்கோ, 2,600 பேர் மட்டில இருக்கலாம். கடை வாசலால போகாதேங்கோ, கார்ல்டன் 50ஆம் நம்பர் வாசல். மேல போனதும் ஒருக்கா அண்ணாந்து பாருங்கோ, பழைய டோம் கிட்டத் தெரியும், அந்தக் காலத்தில ஆகக் குறைஞ்ச டிக்கெட்காரருக்குத்தான் அவ்வளவு கிட்டத் தெரியும்.