இரண்டு வயதுப் பிள்ளையோடு தீபாவளிக்கு என்ன செய்யலாம்? உப்பு மாவு விளக்கு காயவே மாட்டேன் என்கிறது

சிப்புட்_அம்மா:

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம், தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து மூன்று வருஷம் ஆகிறது. மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். பெரியவள் தமிழ்ப்பள்ளியில் கற்றுக்கொண்டு வந்த காகிதத் தோரணத்தை ஒட்டிக்கொண்டே இருக்கிறாள், இவன் பின்னாலேயே போய்ப் பிய்த்துக்கொண்டே இருக்கிறான். சரி, இவன் கையிலும் ஏதாவது கொடுப்போம் என்று காணொளி ஒன்றைப் பார்த்து இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து அகல் விளக்கு செய்தோம். வீட்டில் ஓவன் இல்லை. வெயிலில் வைத்தால் இங்கே தினமும் மூன்று மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொள்கிறது. ஐந்து நாளாகியும் நசநசவென்றுதான் இருக்கிறது. அதற்குள் இரண்டு தடவை கடித்தும் விட்டான், வாயைக் கழுவிவிட்டேன்.

கத்தரிக்கோல், ஒட்டுவது எல்லாம் அவனுக்கு வராது. ஆனால் அவன் கை பட்ட ஒன்று இந்தத் தீபாவளிக்கு வாசலில் இருக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. என் அம்மா வந்து பார்ப்பார்கள். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

தாடிகா_டீச்சர்:

தங்கச்சி, அந்த மாவை முதலில் தூக்கிப் போட்டுவிடுங்கள். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், நம் ஊர் மழைக்காலத்தில் வெளியே வைத்தால் எங்கே காய்வது? 100 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால்தான் இறுகும். அதைவிட முக்கியம், அவ்வளவு உப்பு சின்னப் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது ஆபத்து. பச்சை மாவும் வாயில் போகக் கூடாது. இன்னும் எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது என்றால் அதை ஏற்றுக்கொண்டுதான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் தாடிகாவில் (பாலர் பள்ளியில்) சின்னப் பிள்ளைகளுக்கு வெண்டைக்காய்தான் கொடுப்பேன். முற்றிய காயாக வாங்கி, காம்புப் பக்கம் விரல் நீளத்துக்கு விட்டு நறுக்கினால் பிடிக்க வாகாக இருக்கும், குத்தினால் ஐந்து இதழ் பூ மாதிரி விழும். கொழகொழப்பைத் துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள். சாயத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். இரண்டு கரண்டி சோளமாவை ஒரு கப் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிண்டினால் கூழாகும், ஆறியதும் மூன்று கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் மஞ்சள்தூள், ஒன்றில் மஞ்சள்தூளோடு ஒரு சிட்டிகை சோடா மாவு (சிவந்துவிடும், ஆரத்தி நிறம்), ஒன்றில் சங்குப்பூ கொதிக்கவைத்த தண்ணீர். அந்த நீலத்தில் கஸ்தூரி எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும், பெரியவளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், விடவே மாட்டாள். புத்தகக் கடையில் கிடைக்கும் மாஜோங் காகிதத்தை (பெரிய வெள்ளைத் தாள்) தரையில் விரித்து நான்கு மூலையிலும் டேப் போட்டுவிடுங்கள். பழைய சட்டை போட்டுவிடுங்கள், மஞ்சள் கறை போகாது. பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே பெரிய விஷயம், எழுந்து போனால் விட்டுவிடுங்கள், மறுநாள் அதே காகிதத்தில் தொடரலாம். காய்ந்ததும் நீங்கள் அதை நீளநீளமாக வெட்டிக் கயிற்றில் கட்டினால் அதுதான் அவன் தோரணம்.

பழைய_லயத்துக்காரர்:

டீச்சர் சொன்னது நல்ல யோசனை. தென்னை ஓலையையும் மறக்காதீர்கள் அம்மா. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தபோது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஓலை வெட்டி வந்து திண்ணையில் போடுவார் அப்பா, ஈர்க்கிலிருந்து ஓலையை உரிப்பது சின்னப் பிள்ளைகள் வேலை. அந்தச் சர்ரென்ற சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப உரிப்போம். நுனியை நீங்கள் கிழித்துக் கொடுத்தால் அவனும் இழுப்பான். ஈர்க்கு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும், கண்ணில் குத்திவிடும். ஓலையை மடித்துத் தோரணம் பின்னுவதை அக்காள் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. பால்மர (ரப்பர் மர) கொட்டையையும் குன்றிமணியையும் ஒட்டிப் படம் செய்வதை இப்போது நிறைய பேர் காட்டுகிறார்கள். நாங்கள் அந்தக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடுவைத்து விளையாடியவர்கள்தான், ஆனாலும் இரண்டு வயதுக்கு வேண்டாம். பச்சைப் பால்மரக் கொட்டை விஷம். குன்றிமணியைக் கடித்து மென்றுவிட்டால் அதைவிட மோசம்.

குளுவாங்_அக்கா:

விளக்கு என்றதும் பயந்துபோய் எழுதுகிறேன். மண் அகலுக்குப் பதில் பேட்டரி விளக்கு வாங்கி வைத்தால் பத்திரம் என்று நினைத்து என் தங்கை வாங்கினாள். அதில் இருப்பது சட்டைப் பொத்தான் மாதிரி வட்டப் பேட்டரி, மூடியில் திருகாணி கூட இல்லை, நகத்தால் நெம்பினாலே திறந்துவிடுகிறது. அதைப் பிள்ளை விழுங்கி உணவுக் குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், மலத்தில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மணி, பொத்தான், மினுக்குக் கல் எதுவானாலும் டாய்லெட் தாள் சுருளின் நடுக் குழாய்க்குள் நுழைந்தால் அதை எடுத்து மேலே வைத்துவிடுவது என் வழக்கம்.

சிப்புட்_அம்மா:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததுமே சாமி மேடையில் இருந்த இரண்டு பேட்டரி விளக்கையும் எடுத்து அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன். மிக்க நன்றி.

இன்று வெண்டைக்காய் போட்டோம்! ஒரே இடத்தில் இருபது தடவை குத்தினான், காகிதம் அங்கே ஓட்டையே விழுந்துவிட்டது, அப்புறம் நகர்ந்து நகர்ந்து நான்கைந்து பூ தெளிவாக விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் "பூ, பூ" என்று என் முகத்தைப் பார்த்தான். மஞ்சளும் சிவப்பும் அருமை. டீச்சர், நீலம் மட்டும் காய்ந்ததும் வெளிறிவிட்டது, என்ன செய்வது?

தாடிகா_டீச்சர்:

தண்ணீர் கூடிவிட்டது. கால் கப் தண்ணீருக்கு இருபது பூவாவது போட்டுச் சுண்ட வைத்து, கூழைக் கொஞ்சமாகக் கலந்து பாருங்கள். வெயில் படாத பக்கம் கட்டுங்கள், அந்த நீலம் வெயிலில் நிற்காது. ஓட்டை விழுந்த துண்டை வெட்டி எறிந்துவிடாதீர்கள், அதையும் சேர்த்தே கட்டுங்கள்.